மச்சாள் கேட்ட விதம்

கொள்ளுப்பிட்டியில், கடற்பக்கம் பார்த்த யன்னலுக்குக் கீழிருந்த மேசையில், மச்சாள் தன் வேலையின் முதல் நாள் கேட்ட கேள்விக்குக் கணினி கொடுத்த விடை பூச்சியம். திரையின் மூலையில் அது தனியே நின்றது. நான் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒண்டும் இல்லைப் போல கிடக்கு. இல்லையெண்டு எழுதிட்டு அடுத்ததுக்குப் போங்கோ" என்றேன். அங்கே நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். மச்சாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது இல்லையெண்டு சொல்லேல்ல. நான் கேட்டது விளங்கேல்லையெண்டு சொல்லுது" என்றார். கேள்வியிலிருந்த நட்சத்திரக் குறியை அழித்து, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டார். பூச்சியம் மறைந்து பத்திரங்கள் வரிசையாக இறங்கின. அவர் சிரிக்கவுமில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. முதலாவதைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார்.

அவர் என் அண்ணாவின் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னோடு "நீர்" போட்டுத்தான் கதைப்பார். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவர். சண்டை திரும்பவும் தொடங்கியபோது கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தார். எங்கள் குடும்பமோ கொட்டாஞ்சேனையில் ஊன்றிப்போனது. அப்பா துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அண்ணா படிப்பை இடையில் விட்டு பிரிஜ், ஏசி திருத்தும் வேலைக்குப் போனவர். பட்டம் பெற்ற பெண்ணுக்கு பிரிஜ் திருத்துகிறவனா என்று அவர்கள் பக்கம் கொஞ்சம் முகம் சுளித்ததுண்டு. பெண் பார்க்கப் போன அன்று அண்ணா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, குசினிப் பக்கம் காது கொடுத்து, "உங்கட பிரிஜ் எப்பவும் இப்பிடித்தான் சத்தம் போடுமோ?" என்று கேட்டார். பிறகு சேட்டுக் கையை மடித்துவிட்டு அதன் பின்பக்கம் போய்க் குந்திவிட்டார். அன்று இரவே மச்சாள் சம்மதம் சொன்னதாகச் சித்தி பின்னர் சொன்னார்.

நாங்கள் செய்தது காப்புரிமை தேடும் வேலை. வெளிநாட்டில் ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று விண்ணப்பிப்பார். அதே விஷயத்தை அவருக்கு முன்னர் வேறு யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பழைய பத்திரங்களைத் துழாவிப் பார்த்து அவர்களுடைய வழக்கறிஞர்களுக்கு அறிக்கை அனுப்புவோம். துழாவுவதற்கு எங்களிடம் இரண்டு தேடற் கருவிகள் இருந்தன. அலுவலகத்தில் அவற்றுக்குப் பெரியவர், சின்னவர் என்று பட்டப்பெயர். இரண்டுக்கும் கேட்கும் முறை வேறு. ஒரு சொல்லின் முதற்பாதியைக் கொடுத்து மிச்சம் எப்படி முடிந்தாலும் சரி என்று சொல்ல வேண்டுமானால் பெரியவருக்கு நட்சத்திரக் குறி போட வேண்டும். சின்னவருக்கு அது விளங்காது, கேள்விக்குறிதான் வேண்டும். அதே கேள்விக்குறியைப் பெரியவரிடம் போட்டால் ஒரேயொரு எழுத்து என்று எடுத்துக்கொள்வார். இரண்டு சொல்லைப் பக்கம் பக்கமாக எழுதினால் பத்திரத்தில் எங்காவது இரண்டும் இருந்தால் போதும் என்று பெரியவர் நினைப்பார். சின்னவரோ அவை அதே ஒழுங்கில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருந்தது. விளங்காவிட்டால் பெரியவர் சிவப்பெழுத்தில் சத்தம் போடுவார். சின்னவர் மரியாதைக்காரர். ஒன்றும் சொல்லாமல் பூச்சியத்தை நீட்டுவார்.

இந்த வித்தியாசங்களை எங்களுக்கும் சொல்லித்தந்துதான் இருந்தார்கள். ஆனால் மாலையாகும்போது, சோதனைச் சாவடிகளில் பஸ் மறிபடுவதற்கு முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற நினைப்பு வந்துவிடும். அப்போது ஒரு பூச்சியம் கிடைத்தால் சந்தோஷமாக இருக்கும். மச்சாளுக்கு அது ஒருபோதும் சந்தோஷமாக இருந்ததில்லை. ஒரே கேள்வியைப் பெரியவருக்கு ஒரு விதமாகவும் சின்னவருக்கு இன்னொரு விதமாகவும் எழுதி, இரண்டு பேரும் ஒரே விடையைச் சொல்லும் வரை விடமாட்டார். "பூச்சியம் வந்தா நான் முதல் என்னைத்தான் சந்தேகப்படுவன்" என்பார்.

அந்த வருடம் எங்கள் இருவருக்கும் ஒரு பெரிய தேடல் வந்தது. குளிரூட்டியில் படியும் பனியைத் தானாகவே உருக்கி வடிக்கும் ஒரு முறை பற்றியது. மச்சாளுக்கு அது சொந்த விஷயம் போலாகிவிட்டது. வெள்ளவத்தையில் அவர்கள் வாடகைக்கு இருந்த இரண்டு அறை அனெக்ஸில், நான் போய் நிற்கும் நாட்களில், இரவுச் சாப்பாட்டின்போது அண்ணாவிடம் கேட்பார்: "நீங்கள் இதை என்னெண்டு சொல்லுவியள்?" அண்ணா ஒரு பெயர் சொல்வார். "உங்கட பழைய முதலாளி என்னெண்டு சொல்லுவார்?" இன்னொரு பெயர் வரும். "சிங்களப் பாஸ்மார்?" வேலை தெரிந்த கைவினைஞரைச் சிங்களத்தில் பாஸ் என்பார்கள், எங்களுக்கும் அது பழகிய சொல். அண்ணா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்து யோசித்துச் சொல்வார். ஒரே சாமானுக்கு இத்தனை பெயர்களா என்று எனக்கு அலுப்பாக இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு. வேறு எதைப் பற்றியும் அவர்கள் அவ்வளவு நேரம் கதைத்து நான் கண்டதில்லை.

அந்தத் தேடல் பாதியில் இருக்கும்போதுதான் அண்ணா காணாமற் போனார். காலையில் மட்டக்குளிப் பக்கம் ஒரு மீன் குளிரறை திருத்தப் போகிறேன் என்று நீலப் பையைத் தூக்கிக்கொண்டு போனவர். பைக்குள் செப்புக் குழாய், வயர்ச் சுருள், ஒட்டுகிற கருவி, சின்ன வாயுச் சிலிண்டர் எல்லாம் இருந்தன. அந்த நாட்களில் ஒரு தமிழ் ஆள் அப்படியொரு பையோடு சோதனைச் சாவடியைக் கடப்பது எவ்வளவு ஆபத்தென்று இப்போது நினைத்தால் விளங்குகிறது. அப்போது அது அவருடைய தினசரி வேலை. குளிரறைக்காரர் மத்தியானம் தொலைபேசியில், "பாஸ் இன்னும் வரேல்லையே" என்று கேட்டார். இரவாகியும் அண்ணாவின் கைத்தொலைபேசி எடுபடவில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு காணாமற் போகும் வெள்ளை வான் என்ற சொல்லை அன்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்தா. அப்பா தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து மச்சாளும் நானும் பொலிஸ் நிலையங்களுக்குப் போனோம். மச்சாளின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், சிங்களமும் தடுக்கித் தடுக்கித்தான் வரும். நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் நானே கதைத்தேன். எங்கே போனாலும் முதலில் கேட்பது பெயர். நான் அண்ணாவின் பெயரை எழுதிக் கொடுப்பேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பெரிய புத்தகத்தில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிவிட்டு, "எஹெம கெனெக் நே" என்பார். அப்படி ஒருவர் இல்லை. சிலர் மரியாதையாகச் சொன்னார்கள், சிலர் எரிந்து விழுந்தார்கள். வார்த்தை ஒன்றுதான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்று போய், பிறகு முதலிலிருந்து திரும்பவும் போனோம். மனித உரிமைக் காரியாலயத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். அங்கே நீள வாங்கில் எங்களைப் போலக் காத்திருந்தவர்களின் முகங்களை நான் பார்க்கவில்லை. என்னையும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் மச்சாள் வேலைக்கு வந்தார். காலையில் ஒரு பொலிஸ் நிலையம், பிறகு அலுவலகம். எங்கள் மேலாளர் ஒரு சிங்களப் பெண்மணி, நாங்கள் மிஸ் என்று அழைப்போம். மச்சாள் உள்ளே வந்ததைக் கண்டதும் மிஸ் எழுந்து வந்து, ஆங்கிலமும் சிங்களமும் கலந்து, வீட்டில் இருக்கலாம், சம்பளம் வெட்டமாட்டோம் என்றார். மச்சாள், "வீட்டில அவற்ற சேட்டு எல்லாம் கிடக்கு மிஸ்" என்று தமிழிலேயே சொன்னார். மிஸ்ஸுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. போய்த் தானே ஒரு பிளேன்டி, பால் விடாத தேத்தண்ணி, ஊற்றிக் கொண்டுவந்து மச்சாளின் மேசையில் வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மச்சாள் பனி வடிக்கும் தேடலை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அவர் கை விசைப்பலகையில் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கும். எனக்கு அழுகை வரவில்லை, அவருக்கும் வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல, அண்ணாவின் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒன்றும் நடக்காது.

ஒரு நாள் யாரோ சொன்னார்கள் என்று களுபோவில ஆஸ்பத்திரிப் பிரேத அறைக்குப் போனோம். அடையாளம் தெரியாத ஓர் ஆண். என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. மச்சாள் மட்டும் உள்ளே போனார். இடது மணிக்கட்டில் வாயுத் தீ பட்ட தழும்பு இருக்கும் என்று காவலாளிக்குக் கையால் காட்டியபடி போனதைக் கண்டேன். திரும்பி வந்து, "அவர் இல்லை" என்றார். வெளியே மாமரத்தின் கீழ் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பஸ் தரிப்புக்கு நடந்தோம். பஸ் வருவதைக் கண்ட பிறகுதான், "அங்க உள்ள கொம்பிரசர் சரியில்லை. இழுத்து இழுத்து ஓடுது. இவர் எண்டா வாசல்லயே சொல்லியிருப்பார்" என்றார்.

சின்னவரிடம் பனி வடிக்கும் தேடல் அந்தக் கிழமை முழுக்கச் சிக்கிக்கொண்டு கிடந்தது. அண்ணா சொன்ன பெயர்களையெல்லாம் கேள்விக்குறியோடும் இல்லாமலும் போட்டுப் பார்த்தாயிற்று. பத்திரங்கள் வந்தன, வேண்டியது வரவில்லை. மச்சாள் கடைசியில் பெயர்களை எல்லாம் அழித்தார். காப்புரிமைப் பத்திரங்களை வகை வகையாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருப்பார்கள். எழுதியவர் தன் சாமானை என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் அது செய்யும் வேலையை வைத்து அந்த இலக்கம் விழும். சொல்லே இல்லாமல் இலக்கத்தை மட்டும் கொடுத்துத் தேடினார். மிகப் பழைய பத்திரம் ஒன்று வந்தது. எங்கள் ஆள் கண்டுபிடித்ததாகச் சொன்ன அதே முறை, படத்தோடு. எழுதியவர் அதை நாங்கள் யாருமே நினைக்காத ஒரு பெயரால் அழைத்திருந்தார். மச்சாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி, "வாரும்" என்றார்.

"எங்க?"

"முதல் போன இடத்துக்கு. இந்த முறை நான் கேக்கிறன்."

நாங்கள் இரண்டு தரம் போய் இரண்டு தரமும் இல்லை என்று கேட்ட பொலிஸ் நிலையம் அது. மச்சாள் புத்தகம் இருந்த மேசைக்குப் போகவில்லை. வாசலில், வெயிலுக்கு ஒதுங்கி நின்ற வயதான கொன்ஸ்தாபிளிடம் போனார். நான் வாயைத் திறந்தபோது என் கையைப் பிடித்து அழுத்தினார். தன்னுடைய உடைந்த சிங்களத்தில், அண்ணே என்று அழைத்து, மெதுவாகக் கேட்டார். "அய்யே, பிரிட்ஜ் ஹதன பாஸ் கெனெக்..." பெயர் சொல்லவில்லை, தமிழ் என்று சொல்லவில்லை, காணவில்லை என்றும் சொல்லவில்லை. பிரிஜ் திருத்துகிற ஒரு பாஸ், மணிக்கட்டில் தழும்பு, நீலப் பை. அவ்வளவுதான்.

கொன்ஸ்தாபிளின் முகம் மலர்ந்தது. "ஆ! அபே பிரிட்ஜ் பாஸ்த?" என்றார். எங்கட பிரிஜ் பாஸா?

உள்ளே மேலதிகாரியின் அறையில் கனகாலமாக ஓடாமல் கிடந்த பிரிஜ்ஜை அந்தத் தமிழ் பாஸ் ஒரே மத்தியானத்தில் ஓட வைத்துவிட்டதை அவர் ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார். சொல்லிக்கொண்டு போகும்போதே நாங்கள் யார் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். குரல் தாழ்ந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தார். இங்கே இப்போது இல்லை, தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றார். மச்சாள் அவரைக் கும்பிட்டார். அவர் கும்பிட வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்து நின்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் அமர்த்திய வழக்கறிஞருக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. புத்தகத்தில் அண்ணா இருந்தார்தான். எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயர் முன்னால் வரும், அண்ணாவின் பெயர் பின்னால் வரும். எழுதியவர் அப்பாவின் பெயரை அண்ணாவுடையது என்று எடுத்து, நீளம் என்று அதிலும் பாதியை வெட்டி, சிங்களத்தில் எழுதியிருந்தார். தெரிந்துதான் இல்லை என்றார்களா, தெரியாமல்தான் சொன்னார்களா என்று நான் பல காலம் யோசித்ததுண்டு. இரண்டில் எது என்று தெரிந்தாலும் அதைக் கொண்டு என்ன செய்வது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

அண்ணா விடுதலையாக மாதக்கணக்கானது. குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டுக்குத்தான் முதலில் கூட்டிவந்தோம். மெலிந்திருந்தார், வலது காது அவ்வளவாகக் கேட்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது எழும்பச் சொன்னால் எழும்புவார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். அம்மா அவரைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டா. "என்ன ராசா செய்தவங்கள்? அடிச்சவங்களோ? எங்க அடிச்சவங்கள்?" அண்ணா, "ஞாபகமில்லையம்மா" என்பார். அப்பா வேறு விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டார். அதற்கும் அதே பதில். கருவிகளை எல்லாம் ஒரு பழைய கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுப் பிரிஜ் சத்தம் போட்டால் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவார்.

மச்சாள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் வெள்ளவத்தைக்குத் திரும்பிய பிறகு, அலுவலகத்திலிருந்து நானும் அங்கே கூடப் போகையில், பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்த ஒரு மாலையில் நான் கேட்டேன். "நீங்கள் கேட்டா அண்ணா சொல்லுவார். ஏன் மச்சாள் கேக்கேல்ல?" அவர் யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். பம்பலப்பிட்டி கழிந்தது. சோதனைக்கு நிறுத்துவார்களோ என்று எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்தார்கள். நிறுத்தவில்லை.

"எப்பிடிக் கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்ல" என்றார் மச்சாள்.

அடுத்த வருடம் அவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். சண்டை முடிந்தபோது அவர்கள் இங்கே இல்லை. நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். அலுவலகம் இப்போது கண்ணாடி போட்ட உயர்ந்த கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடிக்கு மாறிவிட்டது. பெரியவரும் சின்னவரும் இல்லை. இப்போதுள்ள கருவியிடம் நட்சத்திரமும் வேண்டாம், கேள்விக்குறியும் வேண்டாம். மனிதரிடம் கேட்பது போல ஒரு வசனம் எழுதினால் போதும். என்ன எழுதினாலும் ஏதாவது கொண்டுவந்து தரும், இல்லை என்ற விடையே அதனிடம் கிடையாது. புதிதாக வந்த பிள்ளைகள் முதலில் வந்த பத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். நான் அவர்களை ஒன்றும் சொல்வதில்லை. கீழே வீதியில் பஸ்கள் சோதனைக்கு எங்கும் நிற்காமல் ஓடுகின்றன. அடையாள அட்டை இப்போது என் கைப்பையின் அடியில் எங்கோ கிடக்கிறது, தேடித்தான் எடுக்க வேண்டும்.

மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். அங்கே குளிர் என்பார், மகளின் படிப்பைப் பற்றிச் சொல்வார். அண்ணா ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். ஒரு தடவை, மரக்கறி விலையெல்லாம் கதைத்து முடித்து வைக்கப் போகும் நேரத்தில், மச்சாள், "உம்மட அண்ணா ஒண்டு சொன்னவர்" என்றார்.

"நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க. நான் ஒண்டும் கேக்கேல்ல. தானா சொன்னவர். அந்த பிரிஜ் ஓடத் தொடங்கின பிறகு, அதுக்குள்ள வச்ச தண்ணியில தனக்கும் ஒரு கிளாஸ் தந்தவங்களாம். நல்ல குளிராம்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. கோப்பையைக் கழுவி வச்சிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நீந்தப் போயிட்டார்."